பழைய டிரான்ஸ்போர்ட் டைகூனும் ஓப்பன்டிடிடியும்: வண்டிகள் ஏன் முகத்தோடு முகம் நிற்கின்றன?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட நாட்களில் பாலக்காட்டில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற, ரயிலும் லாரியும் விட்டுச் சரக்கும் பயணிகளும் ஏற்றிக் காசு சம்பாதிக்கிற விளையாட்டை ஆடியவர். இப்போது ஓப்பன்டிடிடி என்று அதே விளையாட்டு இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இறக்கிப் போட்டிருக்கிறார். இது அதேதானா, இறக்கியது சட்டப்படி சரிதானா என்று இரண்டு கேள்வி. மூன்றாவதாக, போகிறபோக்கில் ஒரு வரி: "ரெண்டு மணி நேரத்துல எல்லா ரயிலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நின்னுடுச்சு, சின்ன வயசுல இப்படி ஆனதா ஞாபகமே இல்ல, ரயில்வேல இருக்கிற யாராச்சும் சொல்லுங்க, நெசத்துலயும் இப்படித்தானா?" எனக்குப் பட்டதைச் சொன்னால், அவர் உண்மையில் கேட்பது இந்த மூன்றாவது கேள்விதான். முதல் இரண்டும் கதவைத் தட்டுகிற மாதிரி.

நான் செங்கோட்டைக்காரன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், வேலை பார்த்ததில் பெரும்பகுதி ஒற்றைப் பாதையில். அதனால் வண்டி ஏன் நிற்கிறது, எப்போது நகரும் என்பதைப் பற்றி நம்பிச் சொல்ல முடியும். விளையாட்டையும் பல வருஷமாக ஆடுகிறேன், ஆனால் தனியாக மட்டும்தான். நாலு பேர் சேர்ந்து இணையத்தில் போட்டி போடும் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை, அதைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நானும் படிக்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம், ஏனென்றால் "அதேதானா" என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது. கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதி, மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஆட்டம் 1994-இல் வந்தது. அடுத்த வருஷமே டீலக்ஸ் பதிப்பு. நம்மில் பெரும்பாலோர் ஆடியது இந்த 1995 டீலக்ஸ்தான், பனி, பாலைவனம், பொம்மை நாடு என்று விதவிதமான நிலப்பரப்பு வந்தது என்றால் அது டீலக்ஸ். சாயர் இதைக் கிட்டத்தட்ட முழுக்க அசெம்பிளி மொழியில், அதாவது பிராசசருக்கு நேரடியாகக் கட்டளை போடும் மொழியில் எழுதினார். அதனால்தான் அந்தக் காலத்து 486 கணினியிலும் அத்தனை வண்டிகள் தடுமாறாமல் ஓடின. ஆனால் அதே காரணத்தால் வேறு வகைக் கணினிக்கு அதை எடுத்துப் போவது பெரும்பாடு. விண்டோஸ் மாற மாற, பழைய குறுந்தகடு அலமாரியில் தூங்க ஆரம்பித்தது. நடுவில் டிடிடிபேட்ச் என்று ஒன்று வந்தது, ஜோசப் டிரெக்ஸ்லர் தொடங்கியது. மூல விளையாட்டின் உள்ளே புகுந்து, அது ஓடும்போதே அதன் குணத்தை மாற்றுகிற ஒட்டுவேலை. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனாலும் ஒட்டு ஒட்டுதான். 2004-இல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற சுவீடன்காரர் (மியூடோரண்ட் எழுதியவரும் இவரே) மூல விளையாட்டைப் பிரித்துப் பார்த்து, அது செய்வதையெல்லாம் சி மொழியில் திரும்ப எழுதி வெளியிட்டார். அதுதான் ஓப்பன்டிடிடி. அதன் பிறகு அவர் கையை விட்டு, ஊர் கூடித் தேர் இழுத்த கதையாக இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஆக, அதேதானா? பணக்கணக்கு அதேதான். ஊர் வளர்கிற விதம், சுரங்கம் சரக்குத் தருகிற விதம், தூரத்துக்கும் நேரத்துக்கும் கூலி போடுகிற விதம், இதிலெல்லாம் பழைய ஆட்டத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது. தண்டவாளம் மட்டும் அதே இல்லை. பழைய 1994 ஆட்டத்தில் சிக்னல் என்றால் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற ஒரே வகைதான், ஒருவழி சிக்னலே டீலக்ஸில்தான் வந்தது. ஓப்பன்டிடிடியில் இப்போது ஒரு பெட்டி நிறைய சிக்னல் வகைகள். வரைபடமும் அப்போது 256-க்கு 256 கட்டம், இப்போது 4096-க்கு 4096 வரை போகலாம். இரண்டு ஊருக்கு நடுவே ஒரு தண்டவாளம் என்று ஆடிய ஆட்டத்தை இப்போது வலைப்பின்னலாக ஆடலாம், ஆட வேண்டும் என்று ஆசையும் வருகிறது. உங்கள் வண்டிகள் நின்றது அங்கேதான், அதற்கு வருகிறேன்.

சட்டத்தை முடித்துவிடுகிறேன். இதில் தெளிவானது ஒன்று, மங்கலானது ஒன்று. ஓப்பன்டிடிடியின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, யாரும் இறக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம். ஆரம்பத்தில் படங்களுக்கும் ஒலிக்கும் பழைய குறுந்தகட்டின் கோப்புகள் தேவைப்பட்டன. 2010 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்த சமயத்தில் ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ், ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், ஓப்பன்எம்எஸ்எக்ஸ் என்று படம், ஒலி, இசை மூன்றுக்கும் தன்னார்வலர்களே புதிதாகச் செய்த தொகுப்புகள் தயாராகிவிட்டன. அதனால் அதிகாரப்பூர்வத் தளத்தில் இறக்கினால் பழைய ஆட்டத்தின் கோப்பு ஒன்றுகூட உங்கள் கணினிக்கு வர வேண்டியதில்லை. இது தெளிவானது. மங்கலானது எது என்றால், ஒருவருடைய நிரலைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப எழுதுவது எந்த அளவுக்குச் செல்லும் என்பது. அது நாட்டுக்கு நாடு மாறுகிற விஷயம், நான் வக்கீல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம், அதற்கு மேல் மதிப்பு கொடுக்காதீர்கள். யாரோ ஒருவர் பழைய ஆட்டத்தின் கோப்புகளை ஜிப் பண்ணிப் போட்டிருக்கும் தளங்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். சட்டத்தை விடுங்கள், அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருமோ.

இனி உங்கள் வண்டிகள். படம் எதுவும் போடவில்லை, ஆனாலும் "ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு" என்ற அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது வேறு வியாதி. முகத்தைப் பார்த்து நின்றால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான்: ஒற்றைப் பாதையின் நடுவில் இரண்டு பக்கமும் பார்க்கிற சிக்னல்களை வரிசையாக நட்டிருக்கிறீர்கள். சிக்னல் அதிகம் இருந்தால் அதிக வண்டி ஓடும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். இரட்டைப் பாதையில் அது சரி. ஒற்றைப் பாதையில் அதுதான் விஷம்.

ஏன் என்று பாருங்கள். சாதாரண பிளாக் சிக்னல் பார்ப்பது ஒன்றே ஒன்று, தனக்கு அடுத்த சிக்னல் வரை உள்ள துண்டில் வண்டி இருக்கிறதா இல்லையா. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேற்கிலிருந்து ஒரு வண்டி வருகிறது, முதல் துண்டு காலி, பச்சை, உள்ளே வந்துவிட்டது. கிழக்கிலிருந்து இன்னொன்று, அதன் முதல் துண்டும் காலி, அதுவும் உள்ளே வந்துவிட்டது. இரண்டும் துண்டு துண்டாக முன்னேறி நடுவில் சந்திக்கின்றன. இரண்டுக்கும் சிவப்பு. இரண்டுக்கும் பின்னால் வேறு வண்டிகள் வந்து சேர்ந்துகொள்கின்றன. முடிந்தது கதை. சின்ன வயசில் இது நடக்காததற்குக் காரணம், அப்போது ஒரு தண்டவாளத்தில் ஒரே ஒரு வண்டி விட்டிருப்பீர்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். நாங்களும் அப்படித்தான் ஆடினோம். சிக்னல் என்ற பொத்தானையே தொட்டதில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

நிஜத்திலும் இப்படித்தானா என்று கேட்டீர்கள். நிஜத்தில் இப்படி நடக்கவே விடுவதில்லை, ஒற்றைப் பாதை நடைமுறை முழுக்க இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1904-லிருந்து மீட்டர் கேஜில் ஓடியது, 2010-இல் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள், 2018-இல் திரும்பத் திறந்தார்கள். அன்றும் இன்றும் ஒற்றைப் பாதைதான். அதில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டுவது ஸ்டேஷனில் மட்டும்தான். அங்கே பாதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும், ஒன்று லூப்பில், அதாவது அந்தக் கிளைப் பாதையில், ஒதுங்கும், மற்றது போகும். இதைத்தான் கிராஸிங் என்போம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள பாதையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. நான் வண்டியை அனுப்ப வேண்டுமானால் முதலில் அடுத்த ஸ்டேஷனில் இருப்பவரிடம் லைன் கிளியர் கேட்க வேண்டும். நடுப்பாதையும் காலியாக இருந்து, தன்னால் வண்டியை வாங்கிக்கொள்ளவும் முடியும் என்றால்தான் அவர் கொடுப்பார். மீட்டர் கேஜ் காலத்து ஒற்றைப் பாதைகளில் இதற்குப் பந்து டோக்கன் இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு கருவி, இரண்டும் கம்பியால் இணைந்தது, ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடப்படும் வரை இன்னொரு பந்து வராது. அந்தப் பந்தைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியில் கை நீட்டி மாற்றிக்கொள்வதை நீங்களும் பார்த்திருக்கலாம், உங்கள் பக்கத்துப் பொள்ளாச்சி லைனும் மீட்டர் கேஜாக இருந்ததுதானே.

இதை விளையாட்டில் அப்படியே செய்யலாம். ஒற்றைப் பாதையின் நடுவில் இருக்கிற சிக்னல் அத்தனையையும் பிடுங்கிப் போடுங்கள், ஒன்றுகூட வேண்டாம். வழியில் அங்கங்கே, உங்கள் மிக நீளமான வண்டி முழுசாக அடங்குகிற அளவுக்கு, பாதையை இரண்டாகப் பிரித்துத் திரும்பச் சேருங்கள். ஒரு கிளை கிழக்கே போகிறவர்களுக்கு, மறு கிளை மேற்கே போகிறவர்களுக்கு. ஒவ்வொரு கிளையிலும் வெளியே போகிற முனையில் ஒருவழி பாத் சிக்னல் (போகிற வழியை முன்பதிவு செய்கிற வகை) ஒன்று. அவ்வளவுதான். கிழக்கே போகிற வண்டி இந்தக் கிளையில் நின்று, அடுத்த லூப்பில் தனக்கான கிளையின் சிக்னல் வரைக்கும் வழியை மொத்தமாக முன்பதிவு செய்ய முயலும். நடுப்பாதையில் எதிரே ஒன்று வந்துகொண்டிருந்தால் கிடைக்காது, அங்கே அதன் கிளையில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றாலும் கிடைக்காது. கிடைத்தால் மட்டுமே கிளம்பும். லைன் கிளியர் என்று நாங்கள் கேட்டு வாங்கியதை அது தானாகவே செய்கிறது, ஃபோனில் கத்த வேண்டிய வேலை மட்டும் இல்லை.

இந்த பாத் சிக்னலைத்தான் பழைய ஆட்டத்துக்கும் புதியதுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வித்தியாசமாக நான் நினைக்கிறேன். படத்தின் துல்லியமோ வரைபடத்தின் அளவோ இதற்குப் பக்கத்தில்கூட வராது. பிளாக் சிக்னல் ஒரு சந்திப்பை மொத்தமாக ஒரு அறையாகப் பார்க்கும், உள்ளே ஒருவர் இருந்தால் கதவு சாத்தியாச்சு, அவர் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அதனால் நான்கு பாதை சேருகிற இடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வண்டிகள்கூடக் காத்துக் கிடக்கும். பாத் சிக்னல் அப்படி இல்லை. எந்தப் பாயிண்ட் (தண்டவாளம் பிரிகிற இடம்) வழியாக எந்தத் தண்டவாளத்துக்குப் போகிறோம் என்று அந்த வழியை மட்டும் பூட்டும், அந்த வழியை வெட்டாத வேறு வழி காலியாக இருந்தால் அதில் இன்னொரு வண்டி தாராளமாகப் போகலாம். ஸ்டேஷனில் பேனலில் (சிக்னலையும் பாயிண்டையும் இயக்குகிற பலகையில்) ரூட் போடுவது என்போமே, அதுவேதான். ஒரு ரூட் போட்டால் அதற்கான பாயிண்டுகள் பூட்டிக்கொள்ளும், அதோடு முட்டுகிற ரூட்டைப் போடப் போனால் விழாது, முட்டாத ரூட் விழும். இதை எழுதியவர்கள் ரயில்வேயைக் கவனித்துப் பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாத் சிக்னலை எங்கே நடுவது என்பதற்கு ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் ஒரு வண்டி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றால் அதன் வால் யாரையாவது மறிக்குமா? மறிக்காது என்றால் நடலாம். மறிக்கும் என்றால் கூடாது. சந்திப்புக்குள் நுழைகிற வாயில்களில் நடுங்கள். சந்திப்பைத் தாண்டியவுடனே ஒன்று நட்டால் வண்டி அங்கே நிற்கும், அதன் வால் சந்திப்பின் மேல் கிடக்கும், எல்லோரும் நிற்பார்கள். சந்திப்பு தாண்டி ஒரு முழு வண்டி நீளம் விட்டு அடுத்ததை வையுங்கள். ஸ்டேஷன்களில் நாங்கள் ஃபவுலிங் மார்க் என்று ஒரு குறி வைத்திருப்போம், கடைசிப் பெட்டி அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்காமல் பக்கத்து லைனுக்கு வண்டி விட மாட்டோம். அந்தக் குறியை மனசில் வைத்துக்கொண்டு சிக்னல் நட்டால் பாதிப் பிரச்சினை வராது.

நிஜம் மாதிரி இல்லாதவையும் உண்டு. ஓவர்லாப் என்ற ஒன்று விளையாட்டில் இல்லை. நிஜத்தில் பல நிற விளக்குச் சிக்னல் உள்ள ஸ்டேஷனில், வண்டி நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பாலும் 120 மீட்டராவது காலியாக இருந்தால்தான் உள்ளே வாங்குவோம், பிரேக் பிடிக்காமல் கொஞ்சம் சறுக்கினால் இடம் வேண்டுமே. விளையாட்டில் வண்டி சிவப்புக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு அடி சறுக்காது. அதே நேரம், சிக்னலே இல்லாத பாதையில் இரண்டு வண்டியை எதிரெதிரே விட்டால் முட்டி வெடிக்கும், சிவப்பைத் தாண்டச் சொல்லி நீங்களே ஒரு பொத்தானை அழுத்தி வண்டியை முட்ட வைக்கவும் முடியும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிற வேலை கிடையாது, மொத்த வண்டியும் நின்ற இடத்தில் திரும்பிவிடும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அதையும் போட்டிருந்தால் ஆட்டம் எங்கள் வேலை மாதிரி ஆகியிருக்கும், அதை யார் காசு வாங்காமல் செய்வார்கள்.

மலை ஏறுவது மட்டும் இப்போது கொஞ்சம் நிஜத்தை நெருங்கிவிட்டது. பழைய ஆட்டத்தில் மேடு வந்தால் வண்டி பொத்தென்று வேகம் குறையும், இவ்வளவு எடை, இவ்வளவு குதிரைத்திறன் என்று பெரிதாகக் கணக்கு கிடையாது. ஓப்பன்டிடிடியில் வண்டியின் எடை, எஞ்சினின் இழுவிசை, மேட்டின் சரிவு மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுகிற முறை இருக்கிறது, நெருக்கமான வளைவிலும் வேகம் குறையும். சுமை ஏற்றிய வண்டி மேட்டில் திணறினால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்துவிடலாம். செங்கோட்டை மலைப்பாதையில் பின்னால் ஒரு எஞ்சின் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மேட்டை நடுநடுவே சமதளம் விட்டு ஏற்றினால் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், ஒரேயடியாக ஏற்றினால் நடை வேகத்துக்கு வந்துவிடும். சுரங்கப்பாதை குடைந்துவிடலாமே என்று தோன்றும். குடையலாம், காசு இருந்தால். ஆனால் சுரங்கத்துக்கு உள்ளே சிக்னல் நட முடியாது, பாலத்தின் மேலும் முடியாது (ஜேஜிஆர் பேட்ச்பேக் என்ற தனிப் பதிப்பில் முடியும்). அதனால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சுரங்கம் ஒரே துண்டு, ஒரு வண்டி வெளியே வந்த பிறகுதான் அடுத்தது. போக்குவரத்து அதிகமான பாதையில் நீளமான சுரங்கம் போட்டு, ஏன் இங்கே மட்டும் வரிசை நிற்கிறது என்று தலையைச் சொறிபவர்களுக்குக் காரணம் இதுதான். பக்கத்தில் இணையாக இன்னொரு சுரங்கம் குடைவதைத் தவிர வழி இல்லை.

காசு விஷயம். கூலி மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு சரக்கு, எவ்வளவு தூரம், எத்தனை நாள். தூரம் என்பது நீங்கள் போட்ட தண்டவாளத்தின் நீளம் இல்லை, ஏற்றிய ஸ்டேஷனுக்கும் இறக்கிய ஸ்டேஷனுக்கும் நடுவே குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை கட்டம் என்பதன் கூட்டல். மலையைச் சுற்றி வளைத்துப் போனால் வளைவுக்குக் கூலி கிடையாது, நாள் மட்டும் கூடும். நாள் கூடினால் எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி கோபித்துக்கொள்வதில்லை. பயணிகளுக்கு முதல் நாளிலிருந்தே கூலி இறங்க ஆரம்பிக்கும், நிலக்கரி 17 நாள் போல முழுக் கூலியோடு பொறுத்துக்கொள்ளும், அதன் பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஆரம்பத்தில் கடனை வைத்துக்கொண்டு, மெதுவான எஞ்சினை வைத்துக்கொண்டு, நிலக்கரியில் தொடங்குவது இன்றும் சரியான வழி. ரொம்பப் பக்கத்தில் உள்ள மின் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், ஏற்றி இறக்குகிற நேரம்தான் மிஞ்சும்.

போகும்போது சுமை, திரும்பும்போது காலி. இது நிறையப் பேரை உறுத்துகிறது, ஏதோ தப்பு செய்கிறோம் என்று நினைக்கிறார்கள். புளியறைச் சோதனைச்சாவடியில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். இங்கிருந்து காய்கறியும் வைக்கோலும் சிமெண்ட்டும் ஏற்றிப் போகிற லாரிகளில் எத்தனை திரும்ப சுமையோடு வருகின்றன? கூட்ஸ் வண்டியும் அப்படித்தான், நிலக்கரி இறக்கிய ரேக் (பெட்டி வரிசை) காலியாகத்தான் திரும்பும். விளையாட்டு இதில் நிஜத்தோடு ஒத்துப்போகிறது, கவலைப்படாமல் விடுங்கள்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து சரக்கு குறைவாக வருகிறது என்றால் ஸ்டேஷன் மதிப்பீட்டைப் பாருங்கள். கடைசியாக வண்டி எடுத்துப்போய் எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது, வண்டியின் வேகம் என்ன, வண்டி எவ்வளவு புதுசு என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சதவீதம். முழுச் சுமை ஏறும் வரை நில் என்று கட்டளை கொடுத்து எப்போதும் ஒரு வண்டி பிளாட்ஃபாரத்தில் நிற்கும்படி வைத்தால் மதிப்பீடு நன்றாக இருக்கும், உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் நீங்கள் எடுத்தால் சுரங்கம் வளர்கிற வாய்ப்பும் கூடும். ஆனால் அப்படி நிற்கும் வண்டிக்குப் பின்னால் வருகிறது எங்கே நிற்கும் என்று யோசித்துவிட்டுக் கட்டளை கொடுங்கள். ஒரே பிளாட்ஃபாரம், முழுச் சுமைக் கட்டளை, மூன்று வண்டி என்றால் அதுதான் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த இன்னொரு வியாதி.

இதுவரை சொன்னது உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி சொல்வது என் ருசி. அமைப்புகளுக்குள் போனால் நூற்றுக்கணக்கான தேர்வுகள், அதுபோக நியூஜிஆர்எஃப் என்று ஆட்கள் செய்து வைத்திருக்கும் வண்டித் தொகுப்புகள், தொழிற்சாலைத் தொகுப்புகள். எல்லாவற்றையும் முதல் நாளே போட்டுக்கொண்டால் உங்கள் பழைய ஆட்டம் எங்கே போச்சு என்று தேடுவீர்கள். நான் சொல்வது: 256-க்கு 256, மிதவெப்ப நிலம், 1950, வண்டிப் பழுது "குறைவு" என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழுதை முழுசாக அணைத்துவிடு என்பார்கள் சிலர். ஒரு வண்டி நடுவழியில் புகை விட்டு நின்றால் பின்னால் இருப்பது எல்லாம் நிற்குமே, அது எரிச்சல்தான், ஆனால் டிப்போவை (வண்டியைப் பழுது பார்க்கிற கொட்டகையை) எங்கே வைப்பது என்ற யோசனையே அதனால்தான் வருகிறது. கார்கோடிஸ்ட் என்று ஒன்று 2014-இல் 1.4 பதிப்போடு வந்தது, அதைப் போட்டால் ஒவ்வொரு பயணிக்கும் போக வேண்டிய ஊர் என்று ஒன்று இருக்கும், எந்த வண்டி வந்தாலும் ஏறிவிட மாட்டார். நிஜத்துக்கு நெருக்கம். ஆனால் பழைய ஆட்டத்தைத் தேடி வந்தவருக்கு அது பிடிக்குமா என்றால் ஆளைப் பொறுத்தது, எனக்குப் பயணிகளுக்கு மட்டும் போட்டுக்கொள்வது பிடிக்கிறது. ஒரே மாதிரி வண்டியைப் பிரதி எடுப்பது, பழைய எஞ்சினைத் தானாகப் புதுப்பிப்பது இவை மட்டும் யோசிக்காமல் பயன்படுத்துங்கள், அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கை வலிக்கக் கட்டளை அடித்ததில் எந்தச் சுகமும் இல்லை.

இசை மட்டும் ஏமாற்றலாம். உங்கள் காதில் இருப்பது ஜான் புரூம்ஹால் போட்ட ஜாஸ், இலவசத் தொகுப்பில் இருப்பது வேறு ஆட்கள் போட்டது. மாமா வீட்டில் அந்தப் பழைய குறுந்தகடு இன்னும் கிடந்தால் அதன் இசைக் கோப்புகளை இதில் சேர்த்துக்கொள்ளலாம், படங்களையும்தான்.

நன்றாகக் கை வந்த பிறகு ஒன்று செய்து பாருங்கள். உயரப்படம் என்று சாம்பல் நிறப் படக்கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அதையே நிலமாக்கித் தரும், கறுப்பு பள்ளம், வெளுப்பு மேடு. பாலக்காட்டுக் கணவாயை அப்படி எடுத்துப் போட்டு வாளையாறையும் பொள்ளாச்சியையும் வைத்து லைன் போட்டால் நேரம் போவதே தெரியாது. நான் ஆரியங்காவை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ஃபோனிலும் இந்த ஆட்டம் கிடைக்கிறது, ஆனால் என் விரலுக்கு அந்தச் சிக்னல் பொத்தான்கள் சிக்குவதில்லை, மடிக்கணினியும் மவுஸும்தான் இதற்குச் சரி.

லூப் போட்டுப் பார்த்த பிறகும் வண்டி நின்றால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள் தம்பி. நிற்கிற வண்டியை மட்டும் எடுத்துப் போட்டால் ஒன்றும் தெரியாது. அது எதிர்பார்க்கிற அடுத்த சிக்னலும், அந்தச் சிக்னலுக்கு அப்பால் இருக்கும் பிளாட்ஃபாரமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.